ஒரே ஒரு ஆளுக்காக ஒரு சட்டம்: அரசு இப்படி நிவாரணம் தருவது சரியா?

மாறன் (தாம்பா) எழுதியது:

நான் இருப்பது ஃப்ளோரிடாவில். இங்கே மாநிலச் சட்டமன்றத்துக்குத் தனி வகையான மசோதாக்கள் வரும். ஒரு மசோதா, அதில் ஒரே ஒரு ஆளின் பெயர், அவருக்கு இவ்வளவு டாலர் கொடுக்க வேண்டும் என்ற உத்தரவு. சட்டமே அவ்வளவுதான். 'க்ளெய்ம் பில்' என்பார்கள். வாஷிங்டனில் காங்கிரஸும் இதையே 200 வருடங்களுக்கு மேலாகச் செய்து வருகிறது. இது சரியா என்று பேசத்தான் இந்த இழை.

முதலில் ஒரு வழக்கு. 1976-ல் ஜாக்சன்வில் நகரில் நடந்த ஒரு கொலைக்காக கிளிஃபர்ட் வில்லியம்ஸ் என்பவரும், அவருடைய உறவுக்கார இளைஞர் நேதன் மையர்ஸும் கைதானார்கள். மையர்ஸுக்கு அப்போது வயது 18. சம்பவ நேரத்தில் இருவரும் பக்கத்தில் ஒரு பிறந்தநாள் விருந்தில் இருந்தார்கள் என்று சொல்லப் பலர் இருந்தும், அவர்களில் ஒருவரைக்கூட அவர்கள் தரப்பு வக்கீல் சாட்சி சொல்லக் கூப்பிடவில்லை. வில்லியம்ஸுக்கு முதலில் மரண தண்டனை, பிறகு அது ஆயுளாகக் குறைந்தது. 2019 மார்ச்சில் அரசு வழக்கறிஞர் அலுவலகமே பழைய கட்டைப் பிரித்துப் பார்த்து, இவர்கள் நிரபராதிகள் என்று சொன்ன பிறகுதான் இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். வில்லியம்ஸுக்கு வயது 76.

ஃப்ளோரிடாவில் 2008-ல் வந்த பொதுச் சட்டம் ஒன்று உண்டு. தவறாகச் சிறையில் அடைக்கப்பட்டவருக்கு வருடத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 20 லட்சம் டாலர் வரை. மையர்ஸ் அதற்குத் தகுதி பெற்றார். வில்லியம்ஸ் பெறவில்லை. காரணம், இந்த வழக்குக்கு முன்பே அவர்மேல் வேறு பழைய குற்றத் தீர்ப்புகள் இருந்தன. ஒரே பொய்க் குற்றச்சாட்டு, ஒரே சிறைக்காலம், ஒரே நாளில் விடுதலை. ஒருவருக்குப் பணம், இன்னொருவருக்கு வெறுங்கை. கடைசியில் 2020-ல் அவர் ஒருவருக்காக மட்டும் ஒரு சட்டம் போட்டு 21.5 லட்சம் டாலர் கொடுத்தார்கள். கணக்குப் பார்த்தால் 43 வருடம், வருடத்துக்கு அதே 50,000.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வாசல் திறந்திருக்க வேண்டும். ஆனால் ஒரே மாதிரி ஆட்கள் திரும்பத் திரும்ப இதே வாசலுக்கு வந்தால், பொதுச் சட்டத்தில் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். அதை அடைக்காமல் ஆளுக்கொரு சட்டம் போட்டுக்கொண்டே இருப்பது நியாயம் ஆகாது.

கணேசன் எழுதியது:

நம் நாடாளுமன்றத்தில் திருச்சி சிவா கொண்டுவந்தாரே, 2015-ல் மாநிலங்களவையில் நிறைவேறியதே, திருநங்கையர் உரிமை மசோதா, அது போன்ற தனிநபர் மசோதாவா இது?

மாறன் (தாம்பா) எழுதியது:

இல்லை கணேசன். அது அமைச்சராக இல்லாத ஓர் உறுப்பினர் கொண்டுவந்தது. ஆனால் சட்டமானால் நாடு முழுவதுக்கும் பொருந்தும். நான் சொல்வது, யார் கொண்டுவந்தாலும் சரி, பெயர் குறிப்பிட்ட ஒருவருக்கோ ஒரு குடும்பத்துக்கோ மட்டும் பொருந்துகிற சட்டம். அமெரிக்காவில் இவற்றுக்குத் தனி எண் வரிசையே இருக்கிறது.

எழில் (மதுரை) எழுதியது:

இது ஏன் தேவைப்படுகிறது என்பதற்கு வேர் ஒன்றுதான்: அரசு சம்மதித்தால் ஒழிய அரசின்மேல் நஷ்ட ஈட்டு வழக்குப் போட முடியாது என்ற பழைய இங்கிலாந்துக் கொள்கை. ராஜா தவறு செய்ய மாட்டார் என்பது அதன் அடிப்படை. ராஜா இல்லாத அமெரிக்காவும் அதை அப்படியே வைத்துக்கொண்டது. நீதிமன்றக் கதவு மூடியிருந்தால் மிச்சம் இருப்பது சட்டமன்றத்திடம் மனுப் போடுவதுதான். அவர்களுடைய அரசமைப்புப்படி கருவூலத்திலிருந்து பணம் வெளியே போக வேண்டுமானால் சட்டம் வழியாகத்தான் போக முடியும். அதனால் மனு மசோதாவாக மாறுகிறது.

இதே கொள்கை நம்மிடமும் கிடந்தது. 1947-ல் அமிர்தசரஸ் நகை வியாபாரி ஒருவர் தங்கம் விற்க மீரட் போனார். போலீஸ் பிடித்து, தங்கத்தை வாங்கி ஸ்டேஷனில் வைத்தது. தலைமைக் காவலர் ஒருவர் அந்தத் தங்கத்தோடு பாகிஸ்தானுக்குப் போய்விட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை வந்தது. போலீஸின் அலட்சியம் உண்மை, ஆனால் கைது செய்வதும் பொருளைக் கைப்பற்றுவதும் அரசின் இறையாண்மை சார்ந்த வேலை, அதற்கு அரசு பொறுப்பில்லை என்று 1965-ல் தீர்ப்பு. கஸ்தூரிலால் வழக்கு என்று சட்டம் படித்த எல்லோருக்கும் தெரியும். நீதிபதிகளே, இதற்கு நாடாளுமன்றம் சட்டம் போட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். மசோதா வந்தது, காலாவதியானது.

ஆனால் நம் ஊரில் கதவைத் திறந்தது நீதிமன்றம்தான். பீகாரில் விடுதலைத் தீர்ப்பு வந்த பிறகும் 14 வருடம் உள்ளேயே வைக்கப்பட்டிருந்த ருதுல் ஷாவுக்கு 1983-ல் உச்ச நீதிமன்றம் நேரடியாகவே இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அமெரிக்காவில் அந்த வேலை சட்டமன்றத்தின் தலையில் விழுந்தது.

கோவிந்தராஜ் எழுதியது:

கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மாறன் தம்பி சொன்ன வழக்கைப் படித்தபோது மனம் கலங்கியது, மறைக்கவில்லை. ஆனாலும் இந்த முறையை என்னால் ஏற்க முடியவில்லை.

பொதுப்பணம் விதிப்படி போக வேண்டும். விதி என்றால் இன்னார் என்று பெயர் பார்க்காதது. சட்டத்திலேயே பெயரை எழுதிவிட்டால் அது விதி இல்லை, தயவு. தயவு என்று வந்துவிட்டால் அடுத்த கேள்வி, யாருக்கு எம்.எல்.ஏ.வைத் தெரியும் என்பதுதான். 1794-ல், சான் டொமிங்கோவிலிருந்து (இன்றைய ஹைட்டி) ஓடிவந்த அகதிகளுக்கு 15,000 டாலர் கொடுக்கலாமா என்ற விவாதத்தில், மக்கள் பணத்தைத் தர்மத்துக்குச் செலவிட அரசமைப்பில் எந்த வரி அனுமதிக்கிறது என்று மேடிசன் கேட்டார். அரசமைப்பை எழுதியதில் முக்கியமானவரே கேட்ட கேள்வி அது. அந்தக் காலத்துக் காங்கிரஸ் உறுப்பினர் டேவி கிராக்கெட்டின் கதையும் தெரிந்திருக்கும். ஜார்ஜ்டவுன் தீ விபத்துக்குப் பணம் கொடுக்க வாக்களித்ததற்காக ஒரு விவசாயி அவரைக் கண்டித்தார், அதற்குப் பிறகு அப்படிப்பட்ட மசோதாக்களை அவர் எதிர்த்தார் என்று.

ஆப்ஸ்காம் ஊழலையும் மறக்கக் கூடாது. எஃப்.பி.ஐ. ஆட்கள் அரபு ஷேக்கின் ஆட்களாக நடித்துப் போனபோது, குடியேற்றத்துக்காகத் தனி மசோதா கொண்டுவருகிறேன் என்று காங்கிரஸ் உறுப்பினர்கள் பணம் வாங்கினார்கள். 1980-ல் வெளியே வந்தது. ஒரு செனட்டரும் ஆறு பிரதிநிதிகளும் தண்டிக்கப்பட்டார்கள். பெயர் போட்ட சட்டம் என்றால் அதற்கு விலையும் வந்துவிடும்.

எழில் (மதுரை) எழுதியது:

ஐயா, மேடிசன் சொன்னது உண்மை. கிராக்கெட்–விவசாயி கதையை அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. அந்தக் கதை அச்சில் வந்ததே அவர் இறந்து பல வருடம் கழித்துத்தான். காங்கிரஸ் 20,000 டாலர் கொடுத்தது அலெக்ஸாண்ட்ரியா தீ விபத்துக்கு, 1827 ஜனவரியில். கிராக்கெட் உறுப்பினராக வந்து உட்கார்ந்தது அந்த வருடக் கடைசியில். போடாத ஓட்டுக்கு யார் கண்டித்திருக்க முடியும்? 1828-ல் ஜெனரல் பிரவுனின் விதவைக்குப் பணம் கொடுக்கும் மசோதாவை அவர் எதிர்த்தது மட்டும் அவைக் குறிப்பில் இருக்கிறது. அதற்குப் பதிலாக என் கைக்காசைத் தருகிறேன் என்றார்.

ஆனால் இந்த உதாரணங்கள் எல்லாமே தர்மம் பற்றியவை ஐயா. தீயில் வீடு போனவருக்கு அரசு கடன்பட்டிருக்கவில்லை, கொடுத்தால் கருணை. வில்லியம்ஸ் விஷயம் வேறு. அவருடைய வாழ்க்கையை எடுத்தது அரசு. திருப்பித் தர வேண்டியவர் தருவது தர்மம் ஆகாது.

மாறன் (தாம்பா) எழுதியது:

எழில் சொன்ன இந்தப் பிரிவைத்தான் அமெரிக்கர்கள் 150 வருடம் பிரிக்கத் தெரியாமல் திண்டாடினார்கள். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பத்தில் எல்லாமே காங்கிரஸுக்குத்தான் வந்தது. போரில் ராணுவம் எடுத்துக்கொண்ட குதிரைக்குப் பணம், ஒப்பந்தக்காரரின் பாக்கி, விதவைப் பென்ஷன், எல்லாம். குடியரசுத் தலைவராக இருந்துவிட்டுப் பிறகு பிரதிநிதிகள் சபைக்கு வந்தவர் ஜான் குயின்சி ஆடம்ஸ். சபையின் நேரத்தில் பாதி இந்தத் தனி மனுக்களில் போகிறது, இது நீதிமன்றம் பார்க்க வேண்டிய வேலை என்று 1832-லேயே நாட்குறிப்பில் எழுதினார். 1855-ல்தான் இதற்கென்று ஒரு நீதிமன்றம் வந்தது. அதற்கும் இறுதித் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இல்லை; விசாரித்து காங்கிரஸுக்கு அறிக்கை தரலாம், அவ்வளவுதான். குடிமக்களுக்குள் நியாயம் வழங்குவதைப் போலவே தனக்கு எதிராகவும் விரைந்து நியாயம் வழங்குவது அரசின் கடமை என்று லிங்கன் 1861 டிசம்பர் உரையில் சொன்னார். 1863-ல் அந்த அதிகாரம் கிடைத்தது.

உள்நாட்டுப் போருக்குப் பிறகு பென்ஷன் மசோதாக்கள் வெள்ளமாக வந்தன. பென்ஷன் அலுவலகம் நிராகரித்தவர்களுக்கு அவரவர் தொகுதி உறுப்பினர் ஒரு மசோதா போடுவார், சபை படித்தும் பார்க்காமல் நிறைவேற்றும். குடியரசுத் தலைவர் குரோவர் கிளீவ்லாண்ட் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்து வீட்டோ செய்தார். முதல் ஆட்சிக் காலத்தில் அவர் செய்த 414 வீட்டோக்களில் பாதிக்கு மேல் இந்தப் பென்ஷன் மசோதாக்கள்தான். அப்போதும் நிற்கவில்லை. 1905–07 காங்கிரஸ் மட்டும் 6,000-க்கு மேல் தனிச் சட்டங்களை நிறைவேற்றியது.

நின்றது 1946-ல். அரசு ஊழியரின் அலட்சியத்தால் காயமோ நஷ்டமோ வந்தால் அரசின்மேலேயே வழக்குப் போடலாம் என்று பொதுச் சட்டம் வந்தது. அதோடு சேர்த்து, அந்தச் சட்டத்தில் வழி இருக்கும் விவகாரங்களுக்கும் பென்ஷனுக்கும் தனி மசோதாவே ஏற்கக் கூடாது என்று தடை போட்டார்கள். அதற்குப் பிறகு எண்ணிக்கை சரிந்தது. 2011–12 காங்கிரஸில் நிறைவேறிய தனிச் சட்டம் ஒன்றே ஒன்று, அதுவும் குடியேற்றம் பற்றியது.

கோவிந்தராஜ் ஐயா, ஆப்ஸ்காம் வந்தது எந்த வழியில்? பொது விதி இறுக்கமாக, விலக்குக்கு ஆள் பார்க்க வேண்டியிருந்த குடியேற்றத் துறையில்தான். பென்ஷனுக்கு அப்படி நடக்க 1946-க்குப் பிறகு இடமே இல்லை.

கோவிந்தராஜ் எழுதியது:

சரி தம்பி, நீ சொல்லும் வரலாறு என் கட்சிக்குத்தானே வலு சேர்க்கிறது? பொதுச் சட்டம் வந்ததும் தனிச் சட்டம் தேவையில்லாமல் போயிற்று. அப்படியானால் மீதி இருப்பதையும் மூடிவிடலாமே.

எங்கள் துறை அனுபவம் ஒன்று. ஊழியருக்குத் தவறுதலாகக் கூடுதல் சம்பளம் போயிருக்கும். தவறு பட்டியல் போட்ட அலுவலகத்துடையது. பத்து வருடம் கழித்துத் தணிக்கைத் தடை வரும், ஓய்வு பெறும் நேரத்தில் பணிக்கொடையில் பிடித்தம் செய்வார்கள். எத்தனை பேர் என் மேசை முன்னால் வந்து அழுதிருக்கிறார்கள். என்னால் தனியாக யாருக்கும் எதுவும் செய்ய முடிந்ததில்லை. 2014-ல் பஞ்சாப் அரசுக்கும் ரஃபிக் மசிக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: கீழ்நிலை ஊழியரிடமும் ஓய்வு பெற்றவரிடமும் அப்படித் திருப்பி வாங்கக் கூடாது. ஒரே தீர்ப்பு, நாடு முழுக்க எல்லோருக்கும். அதுதான் நியாயம்.

மாறன் (தாம்பா) எழுதியது:

இதே பிரச்சினை இங்கேயும் இருந்தது ஐயா. கூடுதலாக வாங்கிய சம்பளத்தைத் தள்ளுபடி செய்யக் கூட ஒவ்வோர் ஊழியருக்கும் ஒரு மசோதா போட்டார்கள். 1968-ல் ஒரு பொதுச் சட்டம், ஊழியர்மேல் தவறு இல்லை என்றால் நிர்வாகமே தள்ளுபடி செய்யலாம் என்றது. நீங்கள் சொல்வது சரி, பொது விதிதான் நல்லது. ஆனால் விதி எழுதும்போதே எல்லா விபரீதத்தையும் யாராலும் யோசித்துவிட முடியாது என்பதற்கு இரண்டு வழக்குகள் சொல்கிறேன்.

1947 ஏப்ரல் 16, டெக்சாஸ் சிட்டி துறைமுகம். கிராண்ட்கேம்ப் என்ற பிரெஞ்சுக் கப்பலில் அம்மோனியம் நைட்ரேட் உரம். வெளிநாடுகளுக்கு உதவியாக அனுப்ப அமெரிக்க அரசின் திட்டத்தில், அரசுத் தொழிற்சாலைகளில் செய்த உரம் அது. தீப்பிடித்து வெடித்தது. குறைந்தது 581 பேர் இறந்தார்கள். 1946 சட்டத்தை நம்பிச் சுமார் 300 வழக்குகள், 20 கோடி டாலர் கேட்டு. 1953-ல் உச்ச நீதிமன்றம் 4-க்கு 3 என்ற கணக்கில் தள்ளுபடி செய்தது: திட்டமிடும் இடத்தில் அதிகாரிகள் விருப்புரிமையோடு எடுத்த முடிவுகளுக்குச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது என்று. பொதுச் சட்டம் வந்த ஒரே வருடத்தில் நடந்த விபத்துக்கே அது உதவவில்லை! பிறகு 1955-ல் காங்கிரஸ் தனியாக ஒரு சட்டம் போட்டது. 1,394 பேருக்குச் சுமார் 1.7 கோடி டாலர் போனது.

இரண்டாவது, ஜேம்ஸ் ஸ்டான்லி. ராணுவ சார்ஜென்ட். 1958-ல், ரசாயன ஆயுதத்துக்கு எதிரான பாதுகாப்பு உடைகளைச் சோதிக்க ஆள் வேண்டும் என்றார்கள், கை தூக்கினார். அங்கே அவருக்குத் தெரியாமலே எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருளைக் கொடுத்தார்கள். அதன்பின் பிரமைகள், ஞாபகமறதி, ராத்திரியில் எழுந்து காரணமே இல்லாமல் மனைவியையும் குழந்தைகளையும் அடிப்பது. காலையில் எதுவும் நினைவிருக்காது. குடும்பம் உடைந்தது. தனக்கு என்ன ஆயிற்று என்று அந்த மனிதருக்கு 1975 வரை தெரியாது. எல்.எஸ்.டி. சோதனையில் பங்கேற்றவர்களை மறுபரிசோதனை செய்கிறோம், வாருங்கள் என்று ராணுவம் கடிதம் அனுப்பியபோதுதான் தெரிந்தது. வழக்குப் போட்டார். பணியிலிருக்கும் சிப்பாய் அரசின்மேல் வழக்குப் போட முடியாது என்ற 1950 தீர்ப்பைக் காட்டி 1987-ல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று மறுத்தது. 1994-ல் காங்கிரஸ் அவருக்காகத் தனிச் சட்டம் போட்டது. 1996-ல் 4,00,577 டாலர் கிடைத்தது. 38 வருடம் கழித்து.

இந்த வாசலையும் மூடியிருந்தால் ஸ்டான்லி எங்கே போயிருப்பார்? சொல்லுங்கள் ஐயா.

ரேவதி (டொராண்டோ) எழுதியது:

சி.ஐ.ஏ. எல்.எஸ்.டி. கொடுத்து, நியூயார்க் ஹோட்டல் ஜன்னலிலிருந்து விழுந்து 1953-ல் இறந்த ஃபிராங்க் ஓல்சன் குடும்பத்துக்கும் இப்படித்தான் கிடைத்தது. 1975-ல் உண்மை வெளியே வந்ததும் குடியரசுத் தலைவர் ஃபோர்டே குடும்பத்தைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார், 1976-ல் தனிச் சட்டத்தில் 7,50,000 டாலர். ஸ்டான்லிக்கு ஏன் இன்னும் 20 வருடம் ஆயிற்று? ஓல்சன் கதை எல்லாப் பத்திரிகைகளிலும் முதல் பக்கத்தில் வந்தது. ஸ்டான்லியின் கதை அப்படி வரவில்லை. இந்த முறையில் எனக்கு இருக்கும் கோபம் இதுதான். செய்தியாகிற துயரத்துக்கு மட்டும் சீக்கிரம் கை நீள்கிறது.

எழில் (மதுரை) எழுதியது:

ரேவதி சொல்வதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். ஃப்ளோரிடாவில் உங்கள் க்ளெய்ம் பில் எவ்வளவு காலம் எடுக்கும் மாறன் அண்ணா? நடைமுறை என்ன?

மாறன் (தாம்பா) எழுதியது:

மாநிலமோ கவுண்டியோ (நம் மாவட்டம் மாதிரி) மாநகராட்சியோ தவறு செய்தால் வழக்குப் போடலாம். ஆனால் ஜூரி எவ்வளவு சொன்னாலும் ஒருவருக்கு 2,00,000 டாலர், ஒரு சம்பவத்துக்கு மொத்தம் 3,00,000, இதுதான் உச்சவரம்பு. அதற்கு மேல் ஒரு டாலர் வேண்டுமென்றாலும் சட்டமன்றம் மசோதா போட வேண்டும். ஸ்பெஷல் மாஸ்டர் என்று ஒருவர் நீதிபதி மாதிரி விசாரித்து அறிக்கை கொடுப்பார், பிறகு குழுக்கள், பிறகு இரண்டு சபைகளிலும் ஓட்டு, பிறகு கவர்னர் கையெழுத்து. வக்கீல் கட்டணம் 25 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது.

காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. நடப்பதைப் பாருங்கள். 1998-ல் பிராவர்ட் கவுண்டியில் ஷெரீஃப் அலுவலகக் கார் மோதி ஓர் இளைஞர் வாழ்நாள் ஊனமானார். ஜூரி 3 கோடி டாலருக்கு மேல் தீர்ப்புச் சொன்னது. சட்டமன்றத்தில் வருடா வருடம் மசோதா வந்து, நேரம் முடிந்து, செத்து, கடைசியில் 2012-ல் 1.075 கோடி டாலர் கிடைத்தது. இன்னொன்று, ஃப்ரெடி பிட்ஸ், வில்பர்ட் லீ. 1963-ல் செய்யாத கொலைக்காக மரண தண்டனை, 1975-ல் கவர்னர் மன்னித்து விடுதலை, 1998-ல்தான் ஆளுக்கு 5,00,000 டாலர். சிறையில் இருந்ததைவிட இழப்பீட்டுக்குக் காத்திருந்த காலம் அதிகம்.

எனக்கு இதில் கோபம்தான் வருகிறது. ஆனால் இதே சட்டமன்றம்தான் ரோஸ்வுட்டுக்கும் பதில் சொன்னது. 1923 ஜனவரியில் வெள்ளையர் கும்பல் எரித்து அழித்த கறுப்பினக் கிராமம் அது. உயிர் பிழைத்தவர்கள் காட்டுக்குள் ஓடிப் போனவர்கள், திரும்பி வரவே இல்லை. ஷெரீஃப் காப்பாற்றவில்லை, மாநிலம் ஒருவரையும் தண்டிக்கவில்லை. 70 வருடம் கழித்து எந்த நீதிமன்றம் இந்த வழக்கை ஏற்கும்? காலக்கெடு எப்போதோ போய்விட்டது. க்ளெய்ம் பில்லாக வந்தது, விசாரணை அதிகாரி முதியவர்களின் சாட்சியத்தைக் கேட்டு, மாநிலத்துக்குத் தார்மீகக் கடமை இருக்கிறது என்று எழுதினார். 1994-ல் 21 லட்சம் டாலர். உயிரோடிருந்தவர்களுக்குத் தலா 1,50,000. நிலத்தை இழந்த குடும்பங்களுக்கும், வாரிசுகளின் படிப்புக்கும் வழி செய்தார்கள். நீதிமன்றத்தால் முடியாததை ஒரு சட்டமன்றம் செய்த அபூர்வமான இடம் அது.

கோவிந்தராஜ் எழுதியது:

ரோஸ்வுட் பற்றி எனக்கு இதுவரை தெரியாது. அந்த முதியவர்கள் சாட்சி சொன்னதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

இருந்தாலும் என் கவலை தீரவில்லை. விசாரணை அதிகாரியின் அறிக்கைதான் அடிப்படை என்றால், அது சாதகமாக வந்த மசோதாவைக் குறிப்பிட்ட காலத்துக்குள் ஓட்டுக்கு விட்டே ஆக வேண்டும் என்று ஒரு விதி வேண்டும். குழுத் தலைவர் ஒருவர் எடுத்துக்கொள்ளாமலே சாகடிக்க முடிகிறது என்றால், அதுதான் நான் சொன்ன தயவு. உச்சவரம்பையும் விலைவாசியோடு சேர்த்து உயர்த்தினால் பாதிப் பேர் இந்த வாசலுக்கு வரவே தேவையிருக்காது.

மாறன் (தாம்பா) எழுதியது:

இந்த இரண்டிலும் எனக்கு முழுச் சம்மதம் ஐயா. வாஷிங்டனில் பிரதிநிதிகள் சபையில் தனி மசோதாக்களுக்கென்று மாதத்தின் முதல் செவ்வாயும் மூன்றாம் செவ்வாயும் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனால் இரண்டே உறுப்பினர்கள் ஆட்சேபித்தால் மசோதா குழுவுக்கே திரும்பிப் போகும். ஏன் ஆட்சேபிக்கிறார்கள் என்பதை விரிவாக எழுதித் தர வேண்டும் என்றாவது இருக்கலாம்.

ஷீலா (நியூ ஜெர்சி) எழுதியது:

இழைக்குச் சம்பந்தம் இருக்குமா தெரியவில்லை. சில மாதங்களுக்கு முன் மத்திய அரசுத் துறை ஒன்றின் வேன் மோதி என் மாமியாருக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. எங்கள் காங்கிரஸ் உறுப்பினரிடம் போய் மசோதா கேட்க வேண்டுமா?

மாறன் (தாம்பா) எழுதியது:

வேண்டாம் ஷீலா. வேன் ஓட்டியவர் வேலை நேரத்தில் அலட்சியமாக ஓட்டியிருந்தால் 1946 சட்டத்திலேயே வழி இருக்கிறது. விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள் அந்தத் துறைக்கே எழுத்தில் மனுக் கொடுக்க வேண்டும். 'ஸ்டாண்டர்ட் ஃபார்ம் 95' என்று ஒரு படிவம், இலவசம். அதில் எவ்வளவு டாலர் என்று திட்டவட்டமான தொகையை எழுதியே ஆக வேண்டும். எழுதாவிட்டால் மனு செல்லாது. தொகையைக் குறைத்து எழுதிவிட்டால் பிறகு கூட்டிக் கேட்பது மிகவும் கஷ்டம், அதனால் ஆஸ்பத்திரிச் செலவு, இனி ஆகப்போகும் செலவு எல்லாவற்றையும் ஒரு வக்கீலோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட்டு எழுதுங்கள். ஆறு மாதத்தில் பதில் வராவிட்டால் மத்திய நீதிமன்றத்துக்குப் போகலாம். எழுத்தில் மறுத்துவிட்டால், மறுப்புக் கடிதம் அனுப்பிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். மாமியாருக்கு இப்போது எப்படி இருக்கிறது?